எதிராள் நின்றால்தான் வித்தை: சீனடி, சிலம்படி, சீனத்துக் களங்கள்

சீனடி என்ற சொல்லைக் கிழக்கு மாகாண வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பொல்லடி, சீனடி, சிலம்படி, வாள்வீச்சு என்று கிழக்கிலங்கை முஸ்லிம்களின் ஆட்டக் கலைகளை அடுக்கிச் சொல்லும் வழக்கம் அங்கே இருக்கிறது. மலையகத்து முஸ்லிம்களாகிய எங்களுக்கு அது கேள்விப்பட்ட சொல்தான். நாங்கள் கண்ணால் கண்டு வளர்ந்தது தோட்டத்துச் சிலம்பம். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களில் தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் பெரட்டுக்களத்தில் தப்பு அடித்து, கம்பு சுற்றுவார்கள். கடை வைத்திருந்த எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்ப்போம்.

சீனடியை ஆராயப் புகுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இது சீனாவிலிருந்து வந்ததா? பெயரைப் பார்த்தால் கேட்கத் தோன்றும். ஆனால் பெயரை வைத்துக் கொண்டு ஊரைக் கண்டுபிடித்துவிட முடியாது. சீனி, சீனச்சட்டி, சீனவெடி, சீனக்காரம் என்று தமிழில் எத்தனை சீனங்கள்! வெடி அந்த நாட்டில் பிறந்ததுதான், மறுப்பில்லை. சீனி அப்படியல்ல, கரும்பைக் காய்ச்சிக் கட்டியாக்கும் வித்தை இந்தியாவில் மிகப் பழையது. கடல் கடந்து வந்த பொருளுக்கும், புதிதாகவும் வெள்ளையாகவும் நேர்த்தியாகவும் தோன்றிய பொருளுக்கும் ‘சீன’ என்று அடை கொடுப்பது நம் முன்னோர் வழக்கம். சிங்களவரும் இந்த வித்தையைச் சீனடி என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயருக்குள் ‘அடி’ என்ற நம் சொல் உட்கார்ந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். அடித்தலும் அடி, காலடியும் அடி. கை வீச்சையும் கால் வைப்பையும் ஒரே சொல்லால் குறிக்கும் வசதி தமிழுக்கு உண்டு.

சீனத்தோடு நமக்குத் தொடர்பே இருந்ததில்லை என்று நான் சொல்ல வரவில்லை. காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் நிற்கும் மும்மொழிக் கல்வெட்டை இந்த இதழின் வாசகர்கள் அறிவார்கள். 1409 ஆம் ஆண்டு தேதியிட்ட அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் காணிக்கைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் முன்னிறுத்துகின்றன. அதைக் கொண்டுவந்த கடற்படைத் தலைவர் ஸெங் ஹ, யூனான் மாகாணத்து முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் அவருடைய படை அழகக்கோனாரோடு மோதி, அவரைச் சிறைபிடித்துச் சீனத்துக்கே கொண்டுபோயிற்று. ஆகச் சீனப் போர்வீரர்கள் இந்த மண்ணில் காலூன்றிச் சண்டையிட்டது வரலாறு. அதிலிருந்து ஒரே தாவலில் சீனடிக்கு வந்து நிற்பது ஆசை. கல்வெட்டு பொன், வெள்ளி, பட்டு, விளக்கு, வாசனைத் தைலம் என்று கணக்குச் சொல்கிறது. அடிமுறையைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு தாவல் உண்டு. காஞ்சியிலிருந்து போன போதிதர்மர்தான் ஷாவோலின் மடத்துக்குப் போர்க்கலையைக் கற்றுக்கொடுத்தார் என்று 2011 இல் வந்த ‘ஏழாம் அறிவு’ படத்துக்குப் பிறகு எங்கள் மாணவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். இந்தக் கதையைச் சீனத்து ஆய்வாளர் தாங் ஹாவோ 1930 இலேயே ஆதாரங்களோடு உடைத்துவிட்டார். போதிதர்மர் பெயரில் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூல் பதினேழாம் நூற்றாண்டுக் காலத்தது. அவரைப் பற்றிப் பேசும் மிகப் பழைய நூல்களில் ஒன்று அவரைப் பாரசீகத்தார் என்கிறது, மற்றது தென்னிந்தியர் என்கிறது. இரண்டிலும் கம்பும் இல்லை, குத்தும் இல்லை.

ஆகவே யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற வழக்கை இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளவில்லை. என் கேள்வி வேறு. இந்த வித்தைகளை எப்படிக் கற்றுக் கொடுத்தார்கள்? தனியாக வீசிப் பழகினார்களா, எதிரே ஆள் நிறுத்தி மோதிப் பழகினார்களா? மோதல் பயிற்சியின் உயிரா, அல்லது அதன் கேடா? இந்தக் கேள்வியைச் சீனத்தில் நானூற்றைம்பது வருஷமாகக் கேட்டு வருகிறார்கள், எழுதியும் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் எழுத்து குறைவு. அதனால்தான் அவர்களுடைய வழக்கைப் படித்து நம்முடையதை விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்று படிகள்

சிலம்பத்தில் பழைய வாத்தியார்கள் பாடத்தைக் கட்டியிருக்கும் முறை இது. முதலில் வணக்கம். தமிழ்நாட்டில் பல இடங்களில் இதற்குச் சலாம் வரிசை என்றே பெயர். அரபுச் சொல் எப்படிக் கம்போடு ஒட்டிக்கொண்டது பாருங்கள். பிறகு கால். கம்பைக் கையில் கொடுக்கு முன்னே சுவடு வைக்கப் பழக்குவார்கள். பிறகு வீச்சு, வரிசை, வீடு கட்டுதல். இவ்வளவும் தனி ஆளாகச் செய்வது. இரண்டாவது படியில் இருவர் நிற்பார்கள். ஒருவர் சொன்ன இடத்தில் அடிப்பார், மற்றவர் சொன்ன விதத்தில் தடுப்பார். அடியும் தடையும் முன்பே பேசி வைத்தவை. மூன்றாவது படியில் பேச்சு இல்லை. எங்கே அடி வரும் என்று யாருக்கும் தெரியாது. கம்பின் நுனியில் சாயமோ சாம்பலோ தடவி, எதிராள் உடம்பில் பொட்டு வைத்தவர் வென்றவர் என்று கணக்கிடும் பழக்கம் இந்த மூன்றாம் படிக்கு உரியது. எதிராளின் கம்பைத் தட்டி விழுத்தினாலும் வெற்றி.

சீனத்துப் பாடமும் இதே ஏணிதான். தனியாக ஆடும் தொடர் வரிசைக்குத் தாவ்லு என்று பெயர். இருவர் பேசி வைத்து ஆடுவது துய்லியன். பேச்சில்லாத மோதல் ஸான்ஷோவ். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே அவர்கள் இன்னொரு படியையும் கட்டியிருக்கிறார்கள். தாய்ச்சி மரபில் இருவர் கையோடு கை ஒட்டி நின்று, தள்ளியும் விட்டுக்கொடுத்தும் எதிராளின் நிலையைக் குலைக்கப் பார்ப்பார்கள், இது துய்ஷோவ். தெற்கே விங் சுன் மரபில் ‘ஒட்டும் கை’ என்ற பயிற்சி உண்டு. இவற்றில் முழு வீச்சில் அடி விழாது, ஆனால் எதிராளின் எண்ணம் தெரியாது. பெரிதாக அடிபடாமலே எதிராளைக் கற்கும் வழி. ஒரு ஆசிரியனாக எனக்கு இந்த நடுப்படி மிகவும் பிடித்திருக்கிறது. இலக்கணச் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதற்கும் மேடையில் வாதாடுவதற்கும் நடுவே வகுப்பறைக் கேள்வி பதில் இருக்கிறதல்லவா, அதைப் போன்றது.

தளபதி எழுதி வைத்தது

மிங் அரசின் தளபதி சி ஜிகுவாங் (1528–1588) கிழக்குக் கரையில் கடற்கொள்ளையரோடு போரிட்டவர். அரசின் பழைய படை ஓடிப்போகிற படையாக இருந்தது. ஆகையால் யீவூ என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளரையும் குடியானவரையும் திரட்டிப் புதுப்படை கட்டினார். அவர்களுக்காக 1560 ஐ ஒட்டி எழுதிய ‘ஜிசியாவ் ஸின்ஷு’ என்ற பயிற்சி நூலில்தான் சீனத்துக் கைவித்தை முப்பத்திரண்டு நிலைகளாகப் படத்தோடு பதிவாகியிருக்கிறது. கைவித்தையைப் பற்றி எழுதியவர், பெரும் போரில் அது அவ்வளவு பயன்படாது என்றும் அங்கேயே சொல்லிவிடுகிறார். உடம்பைப் பழக்கி ஆயுதத்துக்கு அடித்தளம் போடத்தான் அது என்பது அவர் கட்சி. பிற்காலத்தில் நூலைத் திருத்தியபோது அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டார்.

அவர் சினந்து பேசுவது ‘பூ வேலை’யைப் பற்றி. பார்வைக்கு அழகாக இருக்கும், சனம் கைதட்டும், களத்தில் உயிரைக் காக்காது. வித்தை கற்றவன் எதிராளோடு மோதிப் பார்த்தே தீரவேண்டும், தோற்றால் வெட்கப்படவும் வென்றால் பெருமையடிக்கவும் கூடாது, ஏன் தோற்றேன் எப்படி வென்றேன் என்று யோசிக்க வேண்டும் என்பது அவருடைய போதனையின் சாரம். படைவீரர்களைச் சோதிக்கும் முறையையும் வகுத்திருந்தார். தனியாக வீசிக் காட்டினால் மட்டும் போதாது, இருவரை எதிரெதிரே நிறுத்தி மோதவிட்டுத் தரம் பிரித்து, பரிசும் தண்டனையும் கொடுக்க வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, நம் பரீட்சைத் திணைக்களத்துக்கே பாடம் சொல்லக்கூடிய ஆள்.

அவருடைய சமகாலத்துத் தளபதி யூ தாயோ. கம்பு வித்தையில் பேர்போனவர். 1561 ஆம் ஆண்டளவில் ஷாவோலின் மடத்தின் புகழைக் கேள்விப்பட்டு அங்கே போகிறார். துறவிகள் கம்பாட்டம் ஆடிக் காட்டுகிறார்கள். பார்த்து முடித்து, பழைய நுட்பம் உங்களிடம் அழிந்துவிட்டது என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். மடத்தலைவர் கோபிக்கவில்லை. இரண்டு இளந்துறவிகளைத் தேர்ந்து அவரோடு அனுப்பி வைக்கிறார். ஏறக்குறைய மூன்று வருஷம் படையோடு திரிந்து படித்துவிட்டு அவர்கள் மடத்துக்குத் திரும்பிக் கற்பிக்கிறார்கள்.

இந்தச் சம்பவத்தில் எனக்கு இரண்டு செய்திகள் முக்கியமாகத் தெரிகின்றன. ஒன்று, உலகப் புகழ் பெற்ற மடத்திலும் வித்தை வெறும் ஆட்டமாகத் தேயக்கூடும். தூய்மையான மரபு என்று ஒன்று தானாகவே நின்று நிலைப்பதில்லை. மற்றது, தேய்ந்ததை மீட்ட இடம் கோயில் முற்றம் அல்ல, எதிராள் நிற்கும் பாசறை.

மோதலை ஏன் பயந்தார்கள்

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் வரிசைகள் எல்லாம் வீண்தானே என்று கேட்பவர்கள் உண்டு. வீண் அல்ல. எழுத்தறியாத ஊரில் வரிசைதான் நூல். நூறு அடியையும் தடையையும் உடம்பிலே எழுதிப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்க அதைவிட நல்ல வழி கிடையாது. யாப்புத் தெரியாமல் கவி பாட முடியாது; யாப்பு மட்டும் தெரிந்தாலும் பாட முடியாது. வரிசைக்கும் மோதலுக்கும் உள்ள உறவு அதுதான்.

வாத்தியார்கள் மோதலைப் பயந்ததற்கும் நியாயம் இருந்தது. ஆயுத வித்தையில் நிஜமாக அடித்தால் ஆள் மிஞ்ச மாட்டான். தோட்டத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் விரல் முறிந்தால் மறுநாள் பேர் விழாது, அடுப்பு எரியாது. வர்ம இடங்களில் தொட்டு விளையாட முடியாது. இன்னொன்று மானம். மாணவன் தோற்றால் வாத்தியார் தோற்றதாக ஊர் பேசும். எந்த நாட்டிலும் வாத்தியார் மானத்துக்காக மூடி வைத்த வித்தைகள் ஏராளம்.

நவீன காலத்தில் சீனம் இந்தச் சிக்கலை நேரடியாகச் சந்தித்தது. 1928 இல் நான்கிங்கில் மத்திய தேசிய வித்தைக் கழகம் நிறுவப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நாடு தழுவிய தேர்வு வைத்தார்கள். மேடை மோதலும் அதில் ஒரு பகுதி. சட்டங்கள் போதவில்லை, பாதுகாப்பு போதவில்லை. காயங்கள் பெருகியதால் கடைசிச் சுற்றுக்களை மோதவிடாமலே முடிவு சொல்ல வேண்டியதாயிற்று. காட்டுவதில் வல்லவர்கள் பலர் மேடையில் தடுமாறினார்கள் என்பதும், எல்லா மரபுக்காரரும் அடிபிடி தொடங்கியதும் ஒரே மாதிரித்தான் ஆடினார்கள் என்பதும் அந்தக் காலத்து விமரிசனங்கள்.

1954 ஜனவரியில் மக்காவோவில் நடந்தது இன்னும் பிரசித்தம். தாய்ச்சி ஆசான் வூ குங்யீ ஐம்பது தாண்டியவர். வெண்கொக்கு மரபின் சான் ஹாக்ஃபூ இளையவர். தர்ம நிதிக்காக நடந்த மோதல். ஆயிரக்கணக்கான சனம். இரண்டாவது சுற்றிலேயே நடுவர்கள் நிறுத்தி, வெற்றி தோல்வி இல்லை என்று முடித்தார்கள். மூக்கில் இரத்தம் வந்ததே தவிர, கதைகளில் கேட்ட அற்புதம் எதுவும் மேடையில் நடக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், சில நாட்களுக்குள் ஹொங்கொங் பத்திரிகையொன்று அந்தப் பரபரப்பைப் பயன்படுத்தி லியாங் யூஷெங் எழுதிய வீரக் கதையைத் தொடராகத் தொடங்கியது. புதிய வீரநாவல் இலக்கியமே அதிலிருந்து கிளைத்தது. மேடையில் கிடைக்காத அற்புதத்தை வாசகர்கள் பத்திரிகையில் தேடிக்கொண்டார்கள்! இலக்கிய மாணவனுக்கு இது சுவையான செய்தி. வித்தை படிக்கிறவனுக்கு எச்சரிக்கை.

சிக்கலுக்குத் தீர்வு கண்டவர்களும் உண்டு. ஜப்பானில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூங்கில் வாளையும் மார்பு, தலைக் கவசங்களையும் செப்பமாக்கி, முழு வேகத்தில் அடித்துப் பழக வழி செய்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய கெண்டோ. 1882 இல் ஜிகோரோ கானோ ஜூடோவை ஒழுங்குபடுத்தியபோது ஆபத்தான பிடிகளை வரிசைப் பாடத்தில் வைத்துக் காப்பாற்றி, மற்றவற்றைச் சுதந்திர மோதலுக்கு விட்டார். வரிசையும் வாழ்ந்தது, மோதலும் வாழ்ந்தது. நம் முன்னோர் கம்பு நுனியில் பூசிய சாம்பலும் இதே அறிவுதான். அடிக்காமல் தொட்டாலே கணக்கு என்று வைத்ததால் எலும்பும் தப்பியது, உண்மையும் வெளிப்பட்டது.

சீனத்து முஸ்லிம்களின் பங்கு

சீனப் போர்க்கலை என்றவுடன் மொட்டைத் தலைத் துறவிதான் நம் மனதில் வருகிறார், சினிமா செய்த வேலை. ஹுய் முஸ்லிம்களின் பங்கு நம் சமூகத்தில் பலருக்குத் தெரியாது. ஹெபெய் மாகாணத்தின் ஸாங்ஸோவும் அதையடுத்த மெங்சுனும் முஸ்லிம்கள் செறிந்த பகுதிகள். பாஜி என்ற கைவித்தை மரபு மெங்சுனைச் சேர்ந்த வூ ஸோங் என்ற முஸ்லிமிடமிருந்து தொடங்குகிறது. சா குவான் மரபு முஸ்லிம்களுடையது. பத்து வரிகள் கொண்ட தான்துய் பயிற்சிக்கு ‘மார்க்கத்தாரின் தான்துய்’ என்றே பெயர். அங்கே மார்க்கத்தார் என்றால் முஸ்லிம்கள். பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் வித்தைக் களமும் கூடவே வளர்ந்தது.

ஸாங்ஸோவில் பிறந்த வாங் ஸிபிங் (1881–1973) 1928 இல் அந்த மத்திய கழகத்தின் ஷாவோலின் பிரிவுக்கே தலைவரானவர். புத்த மடத்தின் பெயர் கொண்ட பிரிவுக்கு ஒரு முஸ்லிம் தலைவர்! அவர் சா குவானில் மட்டுமல்ல, மல்யுத்தத்திலும் பேர்போனவர். எலும்பு முறிவு வைத்தியமும் தெரிந்தவர். அடிக்கத் தெரிந்தவனுக்கு அடிபட்டதைக் கட்டவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கும் மரபு, நம் சிலம்ப வாத்தியார்களிடமும் மரபு. அவருடைய மகள் வாங் ஜூரோங் வுஷுத் துறையில் பேராசிரியரானார். பாவோடிங் ஊரைச் சேர்ந்த சாங் துங்ஷெங் என்ற ஹுய் முஸ்லிம் ‘ஷ்வாய்ஜியாவ்’ என்ற சீன மல்லில் தன் தலைமுறையின் முதல்வராக மதிக்கப்பட்டார். பின்னர் தாய்வானில் பொலிஸாருக்குக் கற்பித்தார். இந்த மல்லில் தனி ஆட்டம் மிகக் குறைவு. சட்டையைப் பிடித்து, நிலை குலைத்து, வீழ்த்த வேண்டும். வீழ்த்தியதா இல்லையா என்பதில் பேச்சுக்கே இடமில்லை. தினமும் விழுந்து எழும்புகிறவனுக்குப் பெருமையடிக்க நேரம் கிடையாது.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்று சிலர் கேட்பதால் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். நபி (ஸல்) அவர்கள் ருகானாவோடு மல்யுத்தம் செய்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. அறிவிப்பாளர் தொடரைப் பற்றி திர்மிதியே பேசுகிறார். அபிஸீனியர் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாடியதும் ஆயிஷா நாயகி அதைப் பார்த்து நின்றதும் புகாரியில் உள்ளது. முகத்தில் அடிப்பதைத் தவிர்க்கச் சொன்ன ஹதீஸும், சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதைத் தடுத்த ஹதீஸும் நமக்குத் தெரியும். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மோதிப் பழகுவதற்கு அனுமதியும் அதற்கு வேலியும் கிடைக்கின்றன. முகத்தைக் காத்துக்கொள், பகையோடு ஆயுதம் நீட்டாதே என்ற இரண்டு வேலிக்குள் நின்றால் களம் பாதுகாப்பானது.

பெரட்டுக்களமும் பாடசாலை மைதானமும்

இனி நம் ஊருக்கு வருவோம். 1869 இல் கோப்பியில் பூஞ்சணம் விழுந்து, பிறகு திம்புள்ளப் பள்ளத்தாக்கு தேயிலையாக மாறியது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கங்காணிமாரோடு வந்த சனம் கூத்தையும் தப்பையும் கொண்டுவந்தது போலவே கம்பையும் கொண்டு வந்தது. லயத்து வாழ்க்கையில் சொந்த நிலம் இல்லை, சொந்தக் களம் இல்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களமே மாலையில் சிலம்பக் களம். காலையில் துரை முன்னால் தலை குனிந்து நின்ற அதே இடத்தில் மாலையில் அதே ஆள் நிமிர்ந்து நின்று எதிராளின் கண்ணைப் பார்த்தார். மோதலின் மதிப்பு எனக்கு இங்கேதான் விளங்குகிறது. தனியாகக் கம்பு சுற்றுகிறவனை ஊர் பார்க்கும். எதிரே ஒருவன் நிற்கும்போதுதான் அவன் தன்னைத் தானே பார்க்கிறான்: பயத்தை, கோபத்தை, அவசரத்தை.

எங்கள் பகுதியில் இன்னும் கற்பித்துக் கொண்டிருக்கும் ஒரு வாத்தியார் என்னிடம் சொன்னார்: “கம்பு எடுத்தவன் ரெண்டு அடி வாங்கணும் சேர். வாங்காதவனுக்குக் குடுக்கிறதுல நிதானம் இருக்காது.” நான் படித்த சீனத் தளபதியின் நூலில் இருப்பதும் ஏறத்தாழ இதுதான்.

இன்று நடப்பது வேறு. பாடசாலை விழாக்களிலும் தமிழ்த்தினப் போட்டி நாட்களிலும் சிலம்பம் மேடையேறுவது நல்லதுதான். பெண் பிள்ளைகள் கம்பெடுப்பது அதைவிட நல்லது. ஆனால் மேடையேறுவது முதற்படி மட்டும். பாட்டுக்கு ஏற்ப இருபது பிள்ளைகள் ஒரே மாதிரிக் கம்பு சுற்றுவார்கள். வண்ண உடை, தீப்பந்தம், கைதட்டல். எதிராள் எங்கே? அந்தப் பிள்ளைகளில் இருவரை எதிரெதிரே நிறுத்தினால் கால் எங்கே வைப்பது என்று தெரியாது. பெற்றார் காயத்துக்குப் பயப்படுகிறார்கள், அதிபர்மார் முறைப்பாட்டுக்குப் பயப்படுகிறார்கள். இரண்டு பயமும் நியாயம். தமிழ்நாட்டில் போட்டிச் சிலம்பம் தனித்திறமை, தொடுமுறை என்று இரண்டாகப் பிரிந்து, தொடுமுறையில் தலைக்கவசமும் மார்புக் கவசமும் போட்டு ஆடுகிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்ந்தது. ஆகவே வழி இருக்கிறது. கவசம் வாங்கக் காசுதான் வேண்டும்.

சீனடியின் நிலை இதைவிடக் கவலை. மலையக நகரொன்றில் வியாபாரம் செய்யும் கிழக்கு மாகாணப் பெரியவர் ஒருவர் இளமையில் சீனடி படித்தவர். நாங்கள் நானா என்போம், அவர்கள் ஊரில் காக்கா. நான் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவேன். பயிற்சி எப்படி நடந்தது என்று கேட்டேன். “ராவையில லாம்பு வெளிச்சத்தில பழகுவம் தம்பி. முதல்ல காத்துக்கு அடிக்கணும். பொறகு ஆளுக்கு. காத்துக்கு மட்டும் அடிச்சவனுக்கு மனிசன் முன்னால கை வராது” என்றார். இப்போது கற்றுக்கொடுக்கிறீர்களா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “2019 க்குப் பொறகு ஆரு தம்பி வாள எடுக்கிற?”

அந்த ஒரு வரி போதும். ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின் வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் பொதுமக்களைக் கேட்ட நாட்கள் நமக்கு மறக்கவில்லை. கொலைகாரர்கள் செய்த குற்றத்தின் நிழல், கலியாண வீட்டில் பரம்பரையாக வீசிய வாளின் மீதும் விழுந்தது. பயந்த சனம் வாளோடு சேர்த்து வித்தையையும் மறைத்துவிட்டது. மறைத்த வித்தைக்கு என்ன நடக்கும் என்பதற்கு இதே நாட்டில் உதாரணம் உண்டு. 1818 கிளர்ச்சிக்குப் பின் வெள்ளைக்காரன் தடை செய்ததால் அங்கம்பொற இரகசியமாகப் போயிற்று என்று அந்த மரபினர் சொல்கிறார்கள். இரகசியத்தில் வித்தை உயிரோடு இருக்கலாம். ஆனால் பல ஊர் ஆட்கள் வந்து மோதிப் பார்க்கும் திறந்த களம் போய்விடுகிறது. களம் போனால் கதை வளரும், வித்தை சுருங்கும். எவன் எவ்வளவு தூரம் பறந்தான் என்று பேசலாம், பரிசோதிக்க முடியாது.

ஆகையால் நம் சமூகத்துக்கு என் வேண்டுகோள் மிக எளியது. சீனடியையும் சிலம்படியையும் ஒளித்து வைக்கவும் வேண்டாம், வெறும் கலியாண வேடிக்கையாக விட்டுவிடவும் வேண்டாம். வாளை வையுங்கள். பிரம்பை எடுங்கள், நுனியில் துணி சுற்றுங்கள், சாயம் தடவுங்கள். தலைக்கும் மார்புக்கும் கவசம் போடுங்கள். முகத்தில் அடி இல்லை என்று சட்டம் வையுங்கள். பாடசாலை மைதானத்தில், பகலில், எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் பார்க்க ஆடட்டும். தோட்டத்துச் சிலம்பப் பிள்ளையும் சீனடிப் பிள்ளையும் எதிரெதிரே நின்று சலாம் வரிசை எடுத்து ஆடினால் ஒருவருடைய கால் வைப்பை மற்றவர் கற்பார்கள். யாருக்கும் சந்தேகம் வராது, ஏனெனில் எல்லாம் கண் முன்னே நடக்கிறது.

அதற்கு முன் இன்னொரு வேலையும் இருக்கிறது. சி ஜிகுவாங் எழுதி வைத்ததால்தான் நானூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு நான் அவரைப் படிக்க முடிகிறது. நம் அண்ணாவிமாரும் வாத்தியார்மாரும் எழுதவில்லை, உடம்பில் வைத்திருக்கிறார்கள். கிழக்கில் இருக்கும் வாசகர்கள் தங்கள் ஊர் முதியவர்களிடம் போய், வரிசைகளின் பெயரை மட்டும் கேட்டு எழுதி வராமல், இந்தக் கேள்வியையும் கேளுங்கள்: எதிராளை எப்போது நிறுத்தினீர்கள், எங்கே அடிக்கக் கூடாது என்று சொன்னீர்கள், தோற்ற பிள்ளையை என்ன சொல்லி வீட்டுக்கு அனுப்பினீர்கள்? அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன பேச்சிலேயே எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். சீனடி எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஆறுதலாகப் பதில் தேடலாம். அது எப்படிப் பழகப்பட்டது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இப்போதுதான் இருக்கிறார்கள்.